ஈரக் கயிற்றால் அளந்த பாதை

1.
லுணுகலைக்குப் போகும் பஸ்ஸின் ஜன்னலில்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. தேயிலைத் தோட்டத்து மைதானத்தில் இரண்டு பெண்பிள்ளைகள் ஓடத் தயாராக நின்றார்கள். ஒருத்தி மற்றவளுக்கு நாலைந்து எட்டு முன்னால்! பஸ் திரும்பிவிட்டது. அநியாயம் பற்றி ஒரு கதை என்று குறித்துக்கொண்டேன்.

(என் தவறு. வளைவில் வெளிப்பாதை நீளம். அதில் ஓடுகிறவள் முன்னால் நிற்பதுதான் நியாயம்.)

2.
பனி மூடிய மலைகளின் மடியில்... வேண்டாம். அவர்களுக்கு மலையைப் பார்க்க நேரமில்லை.

பதுளையில் நடக்கும் மாகாணப் போட்டிக்கு, இருநூறு மீற்றரில் ஒருத்திதான் போகலாம். பாடசாலைப் போட்டியில் யசோதினியும் நிஷாலினியும் ஒன்றாகவே வந்து முடித்துவிட்டார்கள். "நீங்களே ஓடித் தீர்த்துக்கிட்டுப் பேரச் சொல்லுங்க" என்றுவிட்டார் டீச்சர்.

தேயிலைக் கன்று நட வரிசை பிடிக்கும் கயிறு கிடைத்தது. விசில் ஊத வந்த கூட்டாளி லரீபாவும் சேர்ந்து, முடிவுக்கோட்டிலிருந்து பின்னோக்கி அளந்தார்கள். பாதைக்குப் பத்துக் கயிறு நீளம், கயிற்றுக்கு ஒரு குச்சி. உள்பாதையை விடியற்காலைப் பனியில் அளந்தார்கள். ரொட்டியும் பிளேன்டீயும் ஆனபின், வெயிலில் வெளிப்பாதை. சீட்டுப் போட்டதில் யசோதினிக்கு உள்பாதை.

கயிற்றைச் சுருட்டும்போது, உள்பாதையின் இரண்டு குச்சிகளுக்கு நடுவே அதை இழுத்துப் பார்த்தாள் யசோதினி. நாலு விரல் மிச்சம். காலையில் கயிறு நனைந்து சுருங்கியிருந்திருக்கிறது! பத்துக் கயிற்றுக்கு நாற்பது விரல். ஓர் எட்டு.

அவள் பாதை ஓர் எட்டுக் குறைவு. அது அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

3.
"என்னாடி கயித்தையே பாக்குற? பயமா?" என்றாள் நிஷாலினி.

"ஒன்ன முந்துறப்ப கையாட்டிட்டுப் போறேன், இரு."

"வாயாலயே ஓடாதீங்கடி! கோட்டுக்கு வாங்க!" லரீபா கத்தினாள்.

முடிவு ஒன்று: யசோதினி சொல்லாமல் ஓடி ஜெயிக்கிறாள். பதுளை பஸ்ஸில் ஏறும்போது அவளுக்கு... (எழுதிப் பார்த்தேன். அவள் பஸ்ஸில் ஏற மறுக்கிறாள்.)

முடிவு இரண்டு: சத்தமில்லாமல் கோட்டிலிருந்து ஓர் எட்டுப் பின்வாங்குகிறாள். எனக்கு இது பிடித்திருந்தது. நிஷாலினிக்குப் பிடிக்கவில்லை.

"எனக்கே பிச்ச போடுறியா? அப்ப நானும் பின்னால போறேன்!" அவளும் ஓர் எட்டு வைத்தாள்.

யசோதினிக்குச் சிரிப்பும் கோபமும் முட்டிக்கொண்டு வந்தன. "லூசு! முன்னால வா. காலைல கயிறு ஈரம்டி. என் பாத ஒரு எட்டுக் கட்டை!"

நிஷாலினி கயிற்றைப் பார்த்தாள். "யாரு எட்டு? ஒன் எட்டா, என் எட்டா?"

"நாப்பது வெரலு. வந்து அளந்துக்க!"

அளந்தார்கள். லரீபாவின் விரலால், பொதுவாக. யசோதினியின் கோடு நாற்பது விரல் பின்னால் போனது; நிஷாலினி தன் பழைய கோட்டுக்கே வந்தாள்.

4.
இப்போது இருவருக்கும் ஒரே தூரம். யார் ஜெயிப்பார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை. இருவரின் குதிகாலும் உயர்ந்துவிட்டன, லரீபா மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள், விசில் உங்கள் வாயில்.