கம்பத்தைத் தொட்ட பந்து

"நெசமாவே நீ ஒரு தடவைகூடப் பந்தை உதைச்சதில்லையாம்மா?"

"இல்லடி. சேத்துல உருளணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?"

"ஆசைகூட வந்ததில்லையா?"

"வந்தா சொல்ல மாட்டேனா? பூட்ஸை வெளியில கழட்டு. இப்பதான் தரையைத் துடைச்சேன்."

மகள் பிரையனி ஊர்ப் பெண்களின் ஆஸ்திரேலியக் கால்பந்து அணியில் சேர்ந்த அன்று, சமையலறை வாசலில் நடந்த பேச்சு இது. எட்டு வருடம் ஆகியும் ரோஸ்லினுக்கு அதில் ஒரு சொல்கூட மறக்கவில்லை. தான் சொன்னது அத்தனையும் பொய் என்பதுதான் காரணம்.

பதின்மூன்று வயதுவரை பையன்களோடு ஆடியவள் அவள். கடைசி சீசனில் முப்பத்தொரு கோல். அடுத்த சீசன் தொடங்கிய அன்று பயிற்சியாளர் அவள் தோளைத் தட்டி, "இந்த வயசுக்கு மேல பொண்ணுங்க ஆட முடியாதும்மா. கேன்டீன்ல ஆள் வேணும், போறியா?" என்றார். போனாள். முப்பது வருடத்துக்கு மேல் சாசேஜ் ரோல் சுட்டாள். பெண்களுக்கென்று லீக் வந்தபோது அவளுக்கு நாற்பத்தைந்து வயது. முழங்கால் அதற்கு முன்பே முறைத்துக்கொண்டிருந்தது. இந்த வயதில் நானும் ஒரு தடவை உதைக்க வேண்டும் என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஒவ்வொரு கிளப்பும் கம்பத்தடியில் நின்று கோலா இல்லையா என்று சொல்லும் கோல் நடுவர் ஒருவரைத் தர வேண்டும் என்று ஆள் தேடியபோது மட்டும் கையைத் தூக்கினாள்.

அதனால்தான் உலகத்தில் வேறு யாருக்கும் வாய்க்காத இடத்திலிருந்து அவள் மகளைப் பார்த்தாள். இரண்டு உயரமான கம்பங்களுக்கு நடுவே, வெள்ளைத் தொப்பியோடு, பந்து வந்து சேரும் இடத்தில். வேலிக்கு வெளியே கார்களில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கோல்தான் தெரியும். அவளுக்கு அதற்கு முந்தைய நொடி தெரியும். உதைப்பதற்காகப் பந்தைக் கையிலிருந்து விடும்போது பிரையனியின் முகத்தில் ஓர் அமைதி வரும். பிறந்த மூன்றாம் நாள் பால் குடித்துவிட்டுத் தூங்கியபோது இருந்த அதே முகம். அப்புறம் 'தம்' என்று ஒரு சத்தம். ஒவ்வொரு முறையும் ரோஸ்லினுக்குப் புறங்கை மயிர் சிலிர்க்கும். இந்தப் பிள்ளையை நானா பெற்றேன்?

இந்த சீசனில் அப்படித் தொண்ணூற்றொன்பது கோல். அந்த வட்டாரத்தில் எந்தப் பெண்ணும் எண்பத்தொன்றைத் தாண்டியதில்லை. இன்று கடைசி ஆட்டம், கடைசிக் கால்பகுதி, முடிய ஐந்து நிமிடம். கோதுமை அறுவடைக்குக் காத்திருந்த ஊர் மொத்தமும் வேலியில் சாய்ந்து நின்றது. இந்த ஆட்டத்தில் ஒரே சீசனில் ஒருவருக்கு நூறாவது கோல் விழுந்தால் எல்லாரும் மைதானத்துக்குள் ஓடுவது வழக்கம்.

நாற்பத்தைந்து மீட்டரிலிருந்து பிரையனி உதைத்தாள். பந்து உயரே எழுந்து, சுழன்று, கம்பங்களுக்கு நடுவே புகுந்தது. கார்கள் ஹாரனை அலற விட்டன. ஊர் வேலியைத் தாண்டி ஓடி வந்தது.

ரோஸ்லினின் காதில் மட்டும் 'டிக்' என்று ஒரு மெல்லிய சத்தம். வலது கம்பத்தின் மேல்பக்கம், நகம் பட்டது போல. கம்பத்தைத் தொட்டால் கோல் இல்லை. ஆறு போய் ஒரு புள்ளிதான். கள நடுவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். சொல்ல வேண்டியது அவள்தான்.

அவள் ஒரு விரலை நீட்டினாள்.

ஹாரன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. ஓடி வந்தவர்கள் பாதி மைதானத்தில் நின்று முழித்தார்கள்.

"ரோஸ்! அது உன் பொண்ணுடி!" காரின் மேல் ஏறி நின்ற கணவர் டெஸ் கத்தினார்.

"யாரு பொண்ணா இருந்தா என்ன? கம்பம் கம்பம்தான்!"

"ராத்திரிக்கு இவ வீட்ல சோறு கிடைக்காது டெஸ், எங்க வீட்டுக்கு வந்துடு!" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

பிரையனி மெதுவாக ஓடி வந்தாள். "பட்டுச்சாம்மா?"

"பட்டுச்சு."

"எனக்கு அங்க கேக்கவே இல்ல." மூச்சு வாங்கச் சிரித்தாள். "நீ சொன்னா சரிதான். நீ என்கிட்ட எப்பப் பொய் சொல்லியிருக்கே?"

அந்த வார்த்தை ரோஸ்லினின் நெஞ்சில் போய்ச் சொருகிக்கொண்டது. ஒரு புள்ளிக்கான ஒற்றைக் கொடியை எடுத்து ஆட்டினாள்.

ஊர் முணுமுணுத்தபடி வேலிக்கு வெளியே திரும்பியது. ஆட்டம் தொடர்ந்தது. கடைசி நிமிடத்தில் பந்து இடது ஓரத்தில், எல்லைக்கோட்டை ஒட்டி உருண்டது. பிரையனி அதை ஒரு கையால் அள்ளினாள். பின்னால் ஒருத்தி அவள் சட்டையைப் பிடித்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் இரண்டு கம்பங்களும் ஒன்றாகத்தான் தெரியும். நடுவே ஒரு விரற்கடைகூட இடம் இருக்காது. பிரையனி திரும்பவில்லை. விழுந்துகொண்டே, பாதத்தின் வெளிப்பக்கத்தால் ஒரு வெட்டு.

பந்து கோலை விட்டு விலகிப் போனது. ரோஸ்லின் அசையாமல் பார்த்தாள். போய்க்கொண்டிருந்த பந்து, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல வானத்தில் வளைந்தது. வளைந்து, திரும்பி, அவள் தலைக்கு மேலே, இரண்டு கம்பங்களுக்கும் நட்டநடுவே தாண்டியது. எந்தச் சத்தமும் இல்லை.

கோல் என்பதற்கு இரண்டு விரல். பிறகு இரண்டு கொடி. கண்ணீரில் கொடிகள் எங்கே போகின்றன என்றே தெரியவில்லை.

இந்த முறை ஊர் வந்து பிரையனியைத் தூக்கிக்கொண்டது. கூட்டம் விலகிச் சிறிது நேரத்துக்கெல்லாம் கடைசி சைரனும் ஒலித்தது. ஆட்டம் முடிந்ததும் குடும்பம் குடும்பமாக மைதானத்தில் இறங்கி, ஆளுக்கொரு பந்தை உதைத்து விளையாடுவது அங்கே வாடிக்கை. எட்டு வருடமாக அந்த நேரத்தில் ரோஸ்லின் புள்ளிச் சீட்டில் கையெழுத்துப் போட்டு, கொடியைச் சுருட்டி, காரில் போய் உட்கார்ந்துகொள்வாள். இன்றும் கொடியைச் சுருட்டினாள். கால் காருக்குப் போகவில்லை.

பிரையனி அந்த நூறாவது பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தாள். "என்னம்மா, வீட்டுக்குப் போகலையா? முட்டி வலிக்குதா?"

"பிரை, ஒண்ணு சொல்லணும். நான் உன்கிட்டப் பொய் சொல்லியிருக்கேன்."

"என்னது, கம்பத்துல படலையா?"

"அது பட்டுச்சு." ரோஸ்லின் வெள்ளைத் தொப்பியைக் கழற்றிப் புல்லில் வைத்தாள். பதின்மூன்று வயதில் பந்துக்காக நீட்டியது போல இரண்டு கைகளையும் நீட்டினாள். "அந்தப் பந்தைக் குடுடி. நான் ஒரு கோல் அடிக்கணும்."