முப்பது நிமிடச் சூடு

"என்னம்மா இது, நாற்காலிக்கா ஆபரேஷன்?" என்று நர்ஸ் கேட்டாள்.

ஆபரேஷன் தியேட்டருக்கு முந்தைய அறையில் படுத்திருந்த அம்மாள் கூரையைப் பார்த்தாள். காகிதம் போன்ற போர்வையை அவள் மேல் விரித்து, சூடான காற்றை ஊதும் குழாயை அதன் ஓரத்து ஓட்டையில் செருகிவிட்டுப் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இப்போது போர்வை காற்றிறங்கித் துவண்டிருந்தது. குழாய் தரையில் கிடந்து நாற்காலிக் காலை மும்முரமாகச் சூடாக்கிக்கொண்டிருந்தது.

"தானா விழுந்துடுச்சு."

"தானா விழ அது என்ன பால் பல்லா? கிளிப் போட்டுட்டுல்ல போனேன்."

"எனக்கு வேணாம் சிஸ்டர். புழுங்குது."

நர்ஸ் தெர்மாமீட்டரை அவள் காதில் வைத்துப் பார்த்தாள். "முப்பத்தஞ்சு புள்ளி எட்டு. இதுல புழுங்குதாம்! முப்பத்தாறைத் தாண்டாம டாக்டர் உள்ளேயே விடமாட்டார்."

"பதினோரு வருஷம் முன்னாடி கர்ப்பப்பையை எடுத்தப்போ இதெல்லாம் இல்லையே. இப்ப பித்தப்பைக் கல்லுக்கு எதுக்கு இவ்வளவு உபசாரம்?"

"அப்போ முழிச்சதும் எப்படி இருந்துச்சு?"

"நடுங்கினேன். கட்டிலே கடகடன்னு ஆடுச்சு."

"அதுக்குத்தான்மா இது. மயக்க மருந்து ஏறினதும் உள்ளே இருக்கிற சூடெல்லாம் கை கால் வழியா ஓடிப்போயிடும். முன்னாடியே அரைமணி நேரம் உடம்பைச் சூடாக்கி வச்சுட்டா அவ்வளவா இறங்காது. நடுக்கம் வராது."

"வரவே வராதா?"

"அநேகமா வராது."

அம்மாளின் முகம் வாடியது. எத்தனையோ பேரிடம் நர்ஸ் இதைச் சொல்லியிருக்கிறாள்; கேட்டு முகம் வாடியவர் யாரும் இல்லை. குழாயை மறுபடி செருகி, நாற்காலியை இழுத்துப்போட்டு, கிளிப்பை விரலால் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லுங்க. என்ன விஷயம்?"

"சொன்னா சிரிப்பீங்க."

"இந்த வேலையில சிரிக்க என்ன கிடைக்குது? சொல்லுங்க."

"வெளியே உட்கார்ந்திருக்காரே, எங்க வீட்டுக்காரர். தையல் மிஷின் மெக்கானிக். கை எப்பவும் ஆயிலா இருக்கும். கல்யாணமான புதுசுல என் துணியில கறை பட்டுடுச்சுன்னு ஒருநாள் கத்திட்டேன். என் வாய் சும்மா இருக்காதே. அதுலேருந்து தொடமாட்டார்."

"அப்படின்னா பிள்ளைங்க?"

"ரெண்டு. அது வேற. சும்மா கையைப் பிடிக்கிறதுன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அதைச் சொல்றேன். ரோடு தாண்டும்போதுகூட அந்தப் பக்கம் நின்னு 'வா, வா'ன்னு மாட்டைக் கூப்பிடுற மாதிரி கூப்பிடுவார்."

"அன்னைக்கு நடுங்கினப்போ?"

"ஓடி வந்து ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டார். ஒரு மணி நேரம் விடலை. பக்கத்துல வந்தா ஆயில் வாசனை..." அம்மாள் போர்வை ஓரத்தை நீவினாள். "நடுக்கம் நின்னதும் எடுத்துட்டார். அதோட சரி."

நர்ஸ் சிரிக்கவில்லை.

"நடுங்கினா இதயத்துக்கு வேலை கூடும். தையல் இழுக்கும். ஏற்கெனவே உங்களுக்கு பிரஷர். நான் குழாயை எடுக்க முடியாதும்மா."

"தெரியுது."

"கையைப் பிடிங்கன்னு நீங்களே கேட்டா என்ன?"

"முப்பத்திரண்டு வருஷம் கழிச்சா? என்ன திடீர்னும்பார். எந்த முகத்தை வச்சுக்கிட்டு, என்னன்னு சொல்ல?"

அரைமணி முடிந்ததும் தெர்மாமீட்டர் முப்பத்தாறு புள்ளி ஏழு காட்டியது. கட்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

அம்மாள் கண் விழித்தபோது முதலில் தன் உடம்பைத்தான் கவனித்தாள். பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. தோளைக் குலுக்கிப் பார்த்தாள், நடுக்கம் வரவில்லை. பக்கத்தில் அவர், மடியில் பெரிய பையோடு.

"நடுங்கலையே?"

"இல்ல."

"அப்பாடா! போன தடவை பார்த்த பயத்துல ரெண்டு போர்வை, ஸ்வெட்டர், காலுறை எல்லாம் அடைச்சு எடுத்துட்டு வந்தேன். சிஸ்டர், ரொம்ப நன்றிம்மா."

பையைத் தரையில் இறக்கிவிட்டுக் கைகளை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார். ஒவ்வொரு கதவருகிலும் கிருமிநாசினியைக் கையில் தேய்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். நகக்கண்ணில் இருந்த கறுப்புகூட மங்கியிருந்தது. அம்மாள் அந்தக் கைகளையே பார்த்தாள். கால்மாட்டில் நின்ற நர்ஸ், சார்ட்டில் எழுதி முடித்த வெப்ப அளவையே திரும்ப எழுதினாள்.

"ஏங்க."

"வலிக்குதா?"

"இல்ல."

"தண்ணியா? இப்ப தரக்கூடாதாம்."

"வேணாம். கையைக் கொண்டாங்க."

"ஏன், குளிருதா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் வாய்வரை வந்தது.

"குளிரலை," என்றாள். "குளிரலைன்னாலும்."

அவர் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டையில் துடைத்தார்.

"ஆயில் இருக்கும்."

"இருக்கட்டும்."

இன்னொரு தரம் சட்டையில் துடைத்துவிட்டு, நாற்காலியைக் கட்டிலோடு ஒட்ட இழுத்தார்.