ஆர்ஃபா வாரிய நிழல்

ஆர்ஃபா ஸ்டிடம் வீட்டு ஆஷ் மரத்தை ஜூலை மாதம் அடியோடு வெட்டிச் சாய்த்தார்கள். நிழல் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. வண்டு அரித்த மரம். அந்த மலைப்பள்ளத்தில் எல்லார் வீட்டிலும் நடந்ததுதான். நிழல் நின்றதில் ஆர்ஃபாவுக்கு ஏக நிம்மதி. அதனடியில்தான் அவள் கணவன் டென்சில், நிலக்கரித் தூசி அவன் நுரையீரலைத் தின்று முடிக்குமுன், ட்ரில்லியம் என்ற காட்டுப்பூவின் விதை ஊன்றியிருந்தான். மூன்று இலை, மூன்று வெள்ளை இதழ். விதைத்தால் பூக்க ஏழு வருடம். "நான் எங்க பாக்கப்போறேன்? எனக்கும் சேத்து நீ பாத்துடு" என்றான். அடுத்த வருடமே போய்விட்டான். மரம் விழுந்தது விதைத்த மூன்றாம் வருடம்.

இலையுதிர் காலம் வந்தது, நிழல் உதிரவில்லை. காட்டுப்பூவுக்கு நிழல் மட்டும் போதுமா? மரம் துளிர்க்குமுன் ஏப்ரலில் விழும் வெயிலைக் குடித்துத்தான் அது வருடம் முழுக்க உயிரைப் பிடித்து வைத்திருக்கும். அந்த ஏப்ரலில் தோட்டமே கும்மிருட்டு. தலைகாட்டிய தளிரெல்லாம் மஞ்சளடித்தது. பாவம், அவள்தான் என்ன செய்வாள்? அக்டோபரில் வாருகோலை எடுத்து நிழலையே வாரினாள். இலை இலையாக, கனமில்லாமல், ஜில்லென்று வந்தது. வெளியே கொட்டினால் விடிவதற்குள் பழைய இடத்துக்கே திரும்பியது. அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்தினால்தான் அடங்கியது. பக்கத்து வீட்டு ஹோபர்ட் இரக்கப்பட்டு ஒரு மூட்டையைத் தன் கோழிக்கூட்டில் வாங்கி வைத்தான். மூன்றாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தான்.

"அக்கா, எங் கோழிக்கு இன்னும் விடியவே இல்ல. நீயே வச்சிக்க தாயே!"

மே மாதம் நிழல் மறுபடி துளிர்த்தது. முதல் வருடம் முன்னறை நிரம்பியது, மறுவருடம் சமையலறை. அங்கே விளக்கேற்றினால் திரி மட்டும்தான் தெரியும். விதைத்த ஆறாம் வருட அக்டோபரில் மிச்சமிருந்தது படுக்கையறை மட்டும்தான். அதன் சுவரில், ஜன்னல் வழியே தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்த டென்சில், கடைசி வசந்தத்தில் பென்சிலால் எழுதியிருந்தான். 'ஏப்ரல் 3, ரத்தவேர் பூத்தது. ஏப்ரல் 11, நீலமணி. ஆர்ஃபா மண்டியிட்டுக் களை பறிக்கிறாள்.' அவன் கையெழுத்தென்று உலகத்தில் வேறெதுவும் இல்லை. தினமும் காப்பி குடிக்குமுன் அதைப் படிப்பாள்.

"ஒத்தப் பூவுக்காக அவரு எழுத்தத் தொலைக்கப்போறியா? கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு?" என்றான் ஹோபர்ட். "ஒரு தாளுல எழுதியாவது வச்சிக்க."

"எழுதினா அது என் கையெழுத்துடா. அவர் கையெழுத்தா?"

ஒரு வாரம் அவள் வாருகோலைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சுவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தாள். பிறகு நிழலை வாரிக் கட்டி, மூட்டைகளை உள்ளே சுமந்து அவிழ்த்துக் கொட்டி, கதவைச் சாத்தினாள்.

அடுத்த ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி ட்ரில்லியம் பூத்தது, ஒன்றே ஒன்று. "இவ்ளோ சின்னதா இருக்கே, டென்சில்!" என்று வாய்விட்டு அழுதாள். ஹோபர்ட் வேலியோரம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். வெள்ளை இதழ் இளஞ்சிவப்பாகிச் சுருங்கும்வரை அவள் தினமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். இருவருக்குமான பார்வை, அவசரப்பட முடியுமா?

இப்போதெல்லாம் தபால்காரர் அந்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுச் சற்றுக் கூடுதலாகவே காத்திருக்கிறார். ஆர்ஃபா சுவரைத் தடவிக்கொண்டு வர வேண்டும். படுக்கையறைச் சுவரருகே அவளுக்குக் கொஞ்சம் நேரமாகும்.