கொடிக்கம்பத்தில் ஒரு கோடு

செவ்வாய்க்கிழமை வகுப்பு நடுவில் மூன்றாம் முறையாக இணைப்பு அறுந்தபோது ரொவீனா கத்தவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்ததில் எனக்குத் தெரிந்த விஷயம் இது: அவள் திட்டினால் பயமில்லை. கேட்காமலே பாத்திரம் கழுவினால்தான் நான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

சிகாகோவில் இமானி என்றொரு பெண் நர்ஸ் படிப்பு படிக்கிறாள். காது கேட்காது. வாத்தியார் பேசுவது நெட் வழியாக ரொவீனாவின் காதுக்கு வரும். அவர் பேசுகிற வேகத்திலேயே இவள் தட்டச்சு செய்ய, அது இமானியின் திரையில் எழுத்தாக ஓடும். இணைப்பு அறுந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு மனிதர் வாயசைப்பது மட்டும்தான் தெரியும். அன்றைக்கு இருதய மருந்தின் அளவைச் சொல்லும் இடத்தில் அறுந்தது. சாயங்காலமே ரொவீனாவுக்கு இந்த வேலையைத் தரும் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. வியாழக்கிழமை ஒரு முறை அறுந்தாலும் வேறு ஆள் போட்டுவிடுவார்களாம். நாங்கள் டிரக்கில் கட்டி இழுத்துப்போய்க் குடியிருக்கும் வண்டிவீடு ஓடுவதே அந்தச் சம்பளத்தில்தான். அது நின்றால் ஒஹையோவில் அவள் தங்கை வீட்டு மாடியறைக்குப் போக வேண்டும். தங்கை ரொம்ப நல்லவள். எங்களுக்கு அதுதான் பயம்.

ஜனவரியில் வடக்கின் குளிருக்குத் தப்பி இந்த அரிசோனாப் பாலைவனத்தில் ஆயிரக்கணக்கான வண்டிவீடுகள் வந்து நிற்கும். பதினோரு வருடமாக நாங்கள் நிற்பது ஒரே இடம். போனில் ஐந்து கோடு சிக்னல் காட்டுகிற இடம் என்று நான்தான் பிடித்தேன். எங்கள் ஊர் கால்பந்து அணியின் ஆரஞ்சுக் கொடியை இருபதடிக் கம்பத்தில் ஏற்றி, கம்பத்தின் அடித்தகட்டை டிரக் சக்கரத்துக்குக் கீழே அழுத்தி நிறுத்திவிடுவேன். அந்தக் கொடியைப் பார்த்துத்தான் நாலு மணிக்கு அக்கம்பக்கத்து வண்டிக்காரர்கள் ஆளுக்கொரு மடக்கு நாற்காலியோடு வந்து வட்டமாக உட்காருவார்கள்.

அன்றும் உட்கார்ந்தார்கள். பக்கத்து வண்டி டெல்பர்ட் பீரைத் திறந்துகொண்டே ஆரம்பித்தான். "ரொவீனா, என்னை மாதிரி சாட்டிலைட் தட்டு ஒண்ணு வாங்கி மாட்டிக்கயேன். தொல்லையே இல்ல."

"உன் பென்ஷன எனக்குக் குடு, நாளைக்கே மாட்டுறேன்." அந்தத் தட்டின் மாதக் கட்டணம் அவள் சம்பளத்தில் பாதியை விழுங்கிவிடும்.

"அப்ப என்னோடதுலயே வேல பாரேன். யாரு வேணாம்னா?"

"அதுல ஏற்கெனவே ஏழு குடும்பம் தொங்குது. இன்னைக்குக் காலையில உன் படமே நின்னு நின்னுதானே ஓடுச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் போனைத் தூக்கிக் காட்டினேன். "அஞ்சு கோடு முழுசா இருக்கே. அப்புறம் ஏன் அறுக்குது?"

"சனிக்கிழம சலவைக்கட மாதிரிதான், ஹார்லன்" என்றாள். "கதவு தொறந்துதான் கெடக்கு. உள்ள ஒரு மெஷினும் காலி இல்ல."

கோட்டை எண்ணி எண்ணியே இடம் பிடிக்கிற கூட்டம் நாங்கள். எல்லோரும் ஒரே டவரின் காலடியில் வந்து மொய்த்துக்கொண்டு, சிக்னல் பிரமாதம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தோம்.

புதன்கிழமை விடிந்ததும் டெல்பர்ட்டின் டிரக்கை இரவல் வாங்கிக்கொண்டு போனாள். ஒவ்வொரு மைலுக்கும் நிறுத்தி, போனில் நெட் வேகத்தை அளந்து, கிழித்த காலண்டர் தாளின் முதுகில் எழுதியிருக்கிறாள். மதியம் புருவமெல்லாம் புழுதியோடு திரும்பி வந்து தாளை என் முன்னால் வைத்தாள்.

"மலைக்கு அந்தாண்ட, ஒம்பது மைல். ஒரே ஒரு கோடுதான் காட்டுது. ஆனா பறக்குது. ஆத்துக்கு அக்கரையில குதிரைமசால் வயலுக்காகப் போட்ட டவர். அத யாரும் தொடுறதே இல்ல."

"ஒரு கோட்ட நம்பியா போறது?"

"சந்தையில பழைய ஆன்டெனா வாங்கிட்டேன். டவரப் பாத்தே நிக்கணும், உயரத்துல நிக்கணும். உன் கம்பம் வேணும்."

"கொடி இருக்கே அதுல?"

"எறக்கு."

பதினோரு வருடம், நாற்காலி வட்டம் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "நீ வேணும்னா நாற்காலியோட இங்கயே இரு, கண்ணு. வண்டிய மட்டும் நான் ஓட்டிட்டுப் போறேன்" என்றாள். கொடியை நானே இறக்கினேன். மனசு வலிக்கத்தான் செய்தது.

மலைக்கு அந்தப் பக்கம் வேறு மனித வாடையே இல்லை. வியாழக்கிழமை காலை கம்பத்தின் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, ஆற்றுப் பக்கம் திருப்பி நிறுத்தினேன். ஒரு கோடு வந்தது. ரொவீனா வேகத்தை அளந்து பார்த்துவிட்டு என் கன்னத்தில் முத்தமிட்டாள். பத்து மணிக்கு வகுப்பு. பத்தே காலுக்குக் காற்று கிளம்பியது.

ஒன்றுக்குள் ஒன்று செருகிய கம்பம் அது. கொடிக்கு அது போதும், எந்தப் பக்கம் திரும்பினாலும் கொடி கொடிதான். இப்போது மேல்துண்டு மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. உள்ளேயிருந்து ஜன்னல் கண்ணாடியில் டக் டக் என்று ரொவீனாவின் மோதிரச் சத்தம்; வேகம் குறைகிறது என்று அர்த்தம். நான் ஓடிப்போய், மேல்துண்டு கைக்கு எட்டும் அளவுக்குக் கம்பத்தை இறக்கி, அதைப் பிடித்து, ஆற்றுப் பக்கம் திருப்பினேன். உயரம் குறைந்தும் சத்தம் நின்றது. கையை எடுத்தேன். மறுபடி டக் டக். அதற்குப் பிறகு நான் கையை எடுக்கவில்லை.

புழுதி வாய்க்குள் போயிற்று. ஒரு கையால் கம்பத்தைப் பிடித்தபடி, மறு கையை டிரக்கின் திறந்த ஜன்னலுக்குள் விட்டுக் கொடியை இழுத்து, கண் மட்டும் தெரிகிற மாதிரி முகத்தைச் சுற்றிக்கொண்டேன். பதினோரு மணி ஆயிற்று. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. வகுப்பு முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. எனக்கு வயது அறுபத்தாறு.

பெரிய காற்று ஒன்று மலையிறங்கி வருவது புழுதியில் தெரிந்தது. கம்பத்தை மார்போடு அணைத்து, குதிகாலை மண்ணில் ஊன்றினேன். கம்பம் என் கைக்குள் திமிறியது. ஜன்னல் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தலை நிமிரவே இல்லை. விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன.