வெளுத்துப்போன பச்சை மருந்து

சின்னவளுக்கு பெயின்ட் கடையில் நிறம் கலக்கும் வேலை. பச்சை மருந்து வீட்டுக்கு வந்த முதல் நாளே, கடைப் பழக்கத்தில், நிறங்களை வரிசையாக அச்சிட்ட ஷேட் கார்டில் அது எந்தக் கட்டம் என்று விளையாட்டாகப் பார்த்து வைத்திருந்தாள். இன்று அக்கா அளந்து கொடுத்த மருந்தைக் கார்டோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். நிறம் வெளுத்து நாலு கட்டம் கீழே இறங்கியிருந்தது.

அவளுக்கு எட்டு மாத வயிறு. ஹெராயினை விட்டு ஒரு வருஷம். ஹெராயின் இருந்த இடத்தில் நின்று உடம்பைச் சமாளிப்பது இந்த மருந்துதான். சரியான அளவில் குடித்தால் போதை ஏறாது, உடம்பும் பழையதைக் கேட்டு அலறாது. சட்டென்று குறைத்தால் தாய் படும் பாட்டை வயிற்றுப் பிள்ளையும் படும். குறைமாதத்திலேயே பிறந்தும் விடலாம். பிறந்தபின் இந்த மருந்தால் பிள்ளைக்கு நடுக்கம் வந்தால் ஆஸ்பத்திரியில் வைத்துத் தேற்றிவிடலாம் என்று கிளினிக் நர்ஸ் படம் வரைந்தே சொல்லியிருந்தார். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவள் அக்கா. புட்டியைப் பொறுப்பாக வைத்துக்கொள்ள புருஷன் தயங்கியபோது, "எங்கிட்ட குடுங்க" என்றவளும் அவள்தான்.

பத்து நாளாகச் சின்னவளுக்கு ஓயாத கொட்டாவி, மூக்கொழுகல், கால் குடைச்சல். "மறுபடி ஆரம்பிச்சிட்டியா?" என்று புருஷன் கத்தினான். அக்காவும் கூடவே நின்று, "உண்மையைச் சொல்லிடுடி" என்றாள்.

"அக்கா, இதுல தண்ணி கலந்தியா?"

அக்கா அடுப்பைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "தினம் கொஞ்சம் கொட்டிட்டு, அவ்வளவு தண்ணி விட்டேன். பொறக்கறப்பவே புள்ள சுத்தமா பொறக்கட்டுமேன்னு."

"அவர் என்னைக் கத்தினப்ப பக்கத்துலயே நின்னியே!"

"அப்ப சொல்லியிருந்தா நீ கலக்க விட்டிருப்பியா?"

"கலர்ல ஏமாத்த உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?" சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

கிளினிக்கில் நர்ஸ் முதலில் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. அளவை டாக்டர் பாத்து சரி பண்ணுவார். இனிமே புட்டியை யார் வச்சுக்கறது?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் சின்னவள் சொன்னாள்: "யாரும் வேணாம் சிஸ்டர். தினம் இங்கயே வந்து குடிச்சிக்கறேன்."

"ரெண்டு பஸ் மாறணுமேம்மா, இந்த வயித்தோட?"

"மாறிக்கறேன்."

"நான் கூட வரேன்டி," என்றாள் அக்கா.

சின்னவள் நர்ஸிடம் பேனாவைக் கேட்டு வாங்கினாள். படிவத்தில் 'பொறுப்பாளர்' என்ற இடத்தில் இருந்த அக்காவின் பெயரை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.