ஹோம்க்விஸ்ட் கொடுத்த ஹிட்

எமெட் ஹோம்க்விஸ்ட் வாழ்நாளில் ஒரே ஓர் ஆட்டக்காரனைத்தான் புகழ்ந்து எழுதியிருந்தார். மற்றவர்களைப் பற்றி உண்மையை எழுதினார். அதனால் போர்ட் கேஸ்வெல் நகரத்தில் அவருக்கு வாசகர்கள் அதிகம், நண்பர்கள் குறைவு.

பேஸ்பால் என்பது வளர்ந்த ஆண்கள் முழங்கால்வரை கால்சட்டை போட்டுக்கொண்டு புல்லில் நின்று எச்சில் துப்பும் தொழில் என்பது அவர் கருத்து. நடுநடுவே பந்தும் வரும். பத்து முறை மட்டையைத் தூக்கிக்கொண்டு போய் ஏழு முறை தலையைத் தொங்கப்போட்டுத் திரும்புகிறவனை அங்கே மேதை என்பார்கள். எட்டு முறை திரும்புகிறவன் அடுத்த வருஷம் லாரி ஓட்டுவான். அந்த ஒரு முறைக்காகத்தான் இத்தனை கூச்சல்.

இந்தத் தொழிலில் அவர் பார்க்காத ஜென்மம் கிடையாது. கிளீட்டஸ் பார்ஜ் என்று ஒரு வீச்சாளன் இருந்தான். ஜெயிக்கத் தொடங்கிவிட்டால் தோற்கும்வரை காலுறையைத் துவைக்க மாட்டான். ஒரு கோடை முழுக்க ஜெயித்தான். கூட ஆடியவர்கள் அவன் அலமாரியைத் தூக்கித் தாழ்வாரத்தில் வைத்தார்கள். அவன் தோற்ற அன்று சொந்த அணியே கைதட்டியது. லூமிஸ் என்ற மேலாளர் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஆட்டம் முழுக்கத் தூங்குவார். யாராவது தோளைத் தட்டினால் எழுந்து ஓடி, நடுவரின் மூக்குக்கு நேரே கத்திவிட்டு வந்து, என்ன நடந்தது என்று விசாரிப்பார். வெளியூர்ப் பத்திரிகைகள் அதை ஆழமான வியூகம் என்று எழுதின. அணியின் முதலாளி தொத்திறைச்சி வியாபாரி. அவர் இலவசமாகக் கொடுத்த தொத்திறைச்சி அணியின் ஓட்டக்காரர்களை விட வேகமாக நகர்ந்தது என்று எமெட் ஒருமுறை எழுதினார். முதலாளி ஒரு மாதம் பேசவில்லை. கிண்டல் தொத்திறைச்சியைப் பற்றியது என்று நினைத்துக்கொண்டார்.

ஊர்ப் பத்திரிகையாளர் ஒருவரே ஆட்டத்தின் ஸ்கோரராகவும் இருப்பது அங்கே பழைய வழக்கம். அடித்தவன் ஓடிப்போய் மைதானத்தின் முதல் மூலையை எட்டிவிட்டால், அது அவன் திறமையா, பந்தைப் பிடிக்க வேண்டியவன் கோட்டைவிட்டதா என்று ஸ்கோரர் சொல்ல வேண்டும். ஹிட் என்றால் அடித்தவன் கணக்கில் புண்ணியம். எரர் என்றால் கோட்டைவிட்டவன் தலையில் பாவம். மதியம் ஒருவனுக்குப் பாவம் எழுதிவிட்டு, சாயங்காலம் அவனிடமே போய்ப் பேட்டி கேட்க வேண்டும். போர்ட் கேஸ்வெல்லில் அந்த ஸ்கோரர் எமெட்.

எழுதுகிறவர்களே தீர்ப்பும் சொன்னால் ஓரவஞ்சனை வரும் என்று லீக் அந்த ஆண்டோடு இந்த வழக்கத்தை நிறுத்த முடிவு செய்திருந்தது. எமெட் கொதித்துப்போய் வெள்ளிக்கிழமை ஒரு பத்தி எழுதினார். தன் கண்ணுக்கு வேண்டியவன் வேண்டாதவன் கிடையாது என்றார். கொடுத்த தீர்ப்பை ஒருமுறைகூட மாற்றியதில்லை என்றார். ஊரே படித்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பருவத்தின் கடைசி ஆட்டம். சொந்த அணியான ஹெரன்ஸுக்கும் கோப்பைக்கும் ஜூலையிலேயே உறவு முறிந்திருந்தது. ஆனாலும் கூட்டம் வந்திருந்தது. காரணம் ராய்ஸ் டட்டில்.

டட்டில் ஹெரன்ஸின் மட்டைக்காரன். கையெழுத்துக் கேட்கும் குழந்தைகளுக்கு வேறு யாருடைய பெயரையாவது கிறுக்கிக் கொடுப்பவன். எமெட்டின் கழுத்துப்பட்டையை உடைமாற்றும் அறையில் கத்தரிக்கோலால் வெட்டி, அறையே சிரிக்க, பாதியைக் கையில் கொடுத்தவன். அவனுக்கு இன்னும் ஒரு ஹிட் விழுந்தால் பத்துக்கு மூன்று கணக்கு நிறையும், மேதையாகிவிடுவான். விழாவிட்டால் அவன் வயதுக்கு லாரிதான்.

எதிரணியில் மூன்றாம் மூலையில் நின்றவன் பெனிசியோ அர்ரோயோ. எமெட் புகழ்ந்த ஒரே ஆள். பொடியனாக ஹெரன்ஸுக்கு வந்தபோது, இந்தக் கைகளில் எலும்பே இல்லை என்று எமெட் எழுதினார். பிறகு ஹெரன்ஸ் அவனை விற்றுவிட்டது. எமெட் மட்டும் விற்கவில்லை. எந்த மதுக்கடையில் உட்கார்ந்தாலும், அந்தக் கைகளைக் கண்டுபிடித்தவன் நான் என்று தொடங்கிவிடுவார். அந்தப் பருவம் முழுக்க அர்ரோயோ ஒரு எரர்கூடச் செய்யவில்லை. இன்னும் ஓர் ஆட்டம் தப்பினால், அந்த லீக்கில் எந்த மூன்றாம் மூலைக்காரனும் செய்யாத காரியம்.

கடைசிச் சுற்றில் டட்டில் அடித்த பந்து நேராக அர்ரோயோவிடம் போனது. தரையில் குதித்துக் குதித்துச் சோம்பலாக வந்தது. அர்ரோயோ குனிந்தான். கையுறையைக் கொஞ்சம் சீக்கிரம் தூக்கிவிட்டான். பந்து அதன் அடியில் புகுந்து புல்வெளிக்குப் போய்விட்டது.

டட்டில் முதல் மூலையில் நின்று இடுப்பில் கைவைத்துப் பத்திரிகையாளர் கூண்டை அண்ணாந்து பார்த்தான். கூட்டம் மொத்தமும் அதே பக்கம் திரும்பியது. அர்ரோயோ மட்டும் தரையைப் பார்த்தான்.

எரர் என்று சொன்னால் டட்டில் ஒழிந்தான். கூடவே அந்தக் கைகளும் ஒழிந்தன. பல வருஷமாகக் காத்திருந்த பழி, அதைத் தீர்க்க இந்த ஒருவன் தலையில்தானா அடிக்க வேண்டும்? எமெட் யோசித்து முடிப்பதற்குள் அவர் வாய் ஒலிவாங்கியில் சொல்லிவிட்டது.

"ஹிட்."

ஸ்கோர் பலகையில் ஹிட் விளக்கு எரிந்தது. டட்டில் தொப்பியைக் கழற்றி, கூண்டைப் பார்த்து இடுப்புவரை வளைந்து வணங்கினான்.

பக்கத்தில் போட்டிப் பத்திரிகைக்காரர் மல்வேனி, கடித்த தொத்திறைச்சியை மெல்ல மறந்து உட்கார்ந்திருந்தார்.

"யோவ் எமெட், மைக்ல ஏதோ மாத்தி விழுந்துடுச்சு போல."

"சரியாத்தான் விழுந்துச்சு. பந்து கடைசியில தாறுமாறாத் தாவிச்சு."

"எங்கய்யா தாவிச்சு? எங்க மாமியா ஸ்டூலை விட்டு எந்திரிக்காமலே புடிச்சிருப்பா."

"உங்க மாமியாளை லீக்ல சேத்துக்கட்டும். நான் பாத்ததைச் சொன்னேன்."

"நீ யாரைப் பாத்துச் சொன்னேன்னு கூண்டுல எல்லாருக்கும் தெரியுது," என்றார் மல்வேனி. பிறகு வாயிலிருந்த தொத்திறைச்சியை மெல்லத் தொடங்கினார்.

ஆட்டம் முடிந்து எமெட் எதிரணியின் அறைக்குப் போனார். அர்ரோயோ சட்டையைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"வாங்க சார். நானே வரணும்னு இருந்தேன். அதை மாத்திடுங்க."

"எதை?"

"என்ன சார் இது. என் கைக்கு அடியில போன பந்து எனக்குத் தெரியாதா?"

"தாவிச்சுப்பா. மேலேருந்து பாத்தா தெரியும்."

"தாவல சார். பந்து கைக்கு வர்றதுக்கு முன்னாடி எங்க எறியலாம்னு பாத்துட்டேன். சின்னப் பசங்க பண்ற தப்பு."

"டேய், பருவம் முழுக்க ஒரு எரர் இல்ல. இந்த லீக்ல எவனும் செஞ்சதில்ல, புரியுதா?"

"நானும் செய்யல சார். அதைத்தான் சொல்றேன்."

துண்டு கட்டிக்கொண்டு வந்த ஒருவன் நின்று பார்த்தான். "பெனி, யாரு, அப்பாவா? கையில முத்தம் குடுக்க வந்திருக்காரா?" அறை சிரித்தது.

அர்ரோயோ சிரிக்கவில்லை. "கேட்டீங்களா? இனிமே எந்த ஊருக்குப் போனாலும் இதான். நான் ஒழுங்காப் புடிச்ச பந்துகூட நீங்க புடிச்சுக் குடுத்ததா ஆயிடும். நாளைக்கு மதியம் வரைக்கும் ஸ்கோரர் மாத்தலாம்ல? ஒரு போன் தான சார்."

மாற்றினால், பழிவாங்கிவிட்டான் என்று டட்டில் ஊரைக் கூட்டுவான். பார்த்தீர்களா ஓரவஞ்சனையை என்று லீக் சிரிக்கும். வெள்ளிக்கிழமைப் பத்தி குப்பைக்குப் போகும். இதையெல்லாம் எமெட் அவனிடம் சொல்லவில்லை.

"நான் எதையும் மாத்தினதில்ல, பெனி."

"அப்ப ஒண்ணும் பிரச்சினையில்ல. இதுதான் முதல் தடவை."

"யோசிக்கிறேன்."

"யோசிக்க இதுல என்ன சார் இருக்கு?" என்றான் அர்ரோயோ.

தாழ்வாரத்தில் டட்டில் வழிமறித்தான். இரண்டு கையாலும் அணைத்தான். வியர்வையும் பீரும் எமெட்டின் சட்டையில் ஒட்டின.

"வாய்யா எழுத்து! என்னைப் பத்தி என்னென்னமோ கிறுக்கியிருக்க. ஆனா கண்ணு இருக்குய்யா உனக்கு."

"விடு. உனக்காகக் குடுக்கல அது."

"யாருக்காகக் குடுத்தா என்ன? என் கணக்குல தான விழுந்துச்சு?"

எமெட் கூண்டுக்குத் திரும்பித் தட்டச்சுப் பொறிக்கு முன் உட்கார்ந்தார். வெயில் இன்னும் இருந்தது. கீழே புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். டட்டில் அடித்த பந்து கூர்மையாக வந்தது என்று முதலில் எழுதினார். போதவில்லை. காகிதத்தை உருவிவிட்டு, சவுக்கடி போல வந்தது என்று எழுதினார். அடுத்த காகிதத்தில் அது பீரங்கிக் குண்டாகி, அர்ரோயோவின் கண்ணெதிரே திசை மாறியது. இரண்டு மணி நேரத்துக்கு முன் தூக்கக் கலக்கத்தில் வந்த பந்து, எழுதி முடிக்கும்போது ஆளைக் கொல்லும் நிலையில் இருந்தது. டட்டிலைப் பற்றி எமெட் எழுதிய முதல் நல்ல வார்த்தைகள் அவை. எளிதாகவே வந்தன.

மல்வேனி கதவருகே வந்து நின்றார்.

"எமெட், அர்ரோயோ எங்கிட்ட வாயால சொல்லிட்டான், தன் தப்புன்னு. நாளைக்குப் போடப் போறேன்."

"போடு."

"நீ இப்ப போன் பண்ணி மாத்திட்டா, அதையும் சேத்துப் போடறேன். மரியாதையா முடியும்யா. உன்னை எனக்குப் புடிக்காது, இருந்தாலும் சொல்றேன்."

எமெட் எழுந்து சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்தார். லீக் அலுவலகத்தில் ஒரு பெண் பேசினாள்.

"சொல்லுங்க மிஸ்டர் ஹோம்க்விஸ்ட். திருத்தம் ஏதாவதா?"

மல்வேனி பேனாவை எடுத்து வைத்துக்கொண்டார். ஒரு சொல் போதும். எமெட்டுக்கு அது நாக்கு நுனிவரை வந்தது. அந்த இடத்தில் வெள்ளிக்கிழமை எழுதிய பத்தி குறுக்கே நின்றது. நல்ல பத்தி. அவரே மூன்று முறை படித்திருந்தார்.

"திருத்தம் இல்லம்மா. உறுதிப்படுத்தத்தான் கூப்பிட்டேன். ஹிட்."

"அதான் ஏற்கெனவே எழுதியிருக்கே." அவள் குழம்பினாள். "உறுதிப்படுத்தறதுக்கு இதுவரைக்கும் யாரும் கூப்பிட்டதில்லையே சார்."

எமெட் தொலைபேசியை வைத்தார். மல்வேனி பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு இறங்கிப் போனார். கீழே எதிரணியின் பேருந்து புறப்படும் சத்தம் கேட்டது. எமெட் ஜன்னலுக்குப் போகவில்லை.

மறுநாள் காலை ஏரிக்கரை உணவகத்தில் அவருக்குப் பக்கத்து ஸ்டூலில் வெளியூர் லாரி ஓட்டுநர் ஒருவன் உட்கார்ந்திருந்தான். மல்வேனியின் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, பரிமாறுகிற பெண்ணுக்குக் கேட்கும்படி படித்தான்.

"இந்த அர்ரோயோ பையனைப் பாரேன். 'அது என் எரர்தான், ஸ்கோரர் என்ன சொன்னாலும் என் கணக்குல நான் எழுதிக்கிட்டேன்'ங்கறான். இந்தக் காலத்துல இப்படி ஒருத்தன்!"

"மத்தவன் என்ன சொல்றான்?" என்றாள் அவள், காப்பியை ஊற்றியபடி.

"டட்டிலா? 'இந்த லீக்லேயே நேர்மையான ஆளு ஒருத்தர்தான், எமெட் ஹோம்க்விஸ்ட். அவருக்குச் சிலை வெக்கணும்'னு சொல்றான்."

அவள் காப்பி சிந்தும் அளவுக்குச் சிரித்தாள். ஓட்டுநர் பத்திரிகையை மடித்து எமெட்டின் பக்கம் திரும்பினான்.

"பெரியவரே, நீங்க இந்த ஊரா? யாரு இந்த ஹோம்க்விஸ்ட்? டட்டிலுக்குச் சொந்தமா?"

எமெட் முட்டையை வெட்டினார்.

"இப்ப ஆயிட்டான்," என்றார்.