கிராம்பு விரல்

கணவனின் தங்கை ஒரு கட்டுப் புதினாவைக் கண்ணாடிக் கடையின் கண் சோதனை அறை மேசையில் வைத்துவிட்டு, மூக்கைப் பொத்தாத குறையாகப் பின்வாங்கினாள்.

"அடுத்த ஆளு வர்றதுக்குள்ள மென்னுடுங்க அண்ணி. எனக்காக இல்ல. கண்ணு காட்ட வர்றவங்க பாவம்."

"நீயே மென்னுக்கோ. உன் பேச்சாவது கொஞ்சம் மணக்கட்டும்."

கண் பார்ப்பவளுக்குத் தள்ளி நின்று வேலை செய்ய வழியில்லை. கருவிழிக்குள் விளக்கடித்துப் பார்க்க, எதிரில் இருப்பவரின் மூக்குக்கும் அவள் மூக்குக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிதான். போன வாரம் ஓர் ஆசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெளியே போய் முன்மேசையில் புகார் சொன்னாள். முன்மேசை கணவனின் தங்கையுடையது. செய்தி பின்னறையில் கண்ணாடி தேய்க்கும் கணவனிடம் கைகால் முளைத்துப் போய்ச் சேர்ந்தது. "வாய் நாத்தம்னு இன்னும் ஒரு புகார் வந்தா, அந்த நாற்காலிக்கு வேற ஆளு பாத்துக்கலாம்" என்றான் அவன். அந்த வேற ஆளும் தயார். தங்கையின் தோழி, இதே கண் படிப்பை முடித்துவிட்டுக் காத்திருந்தாள்.

பத்து வருடமாக உட்கார்ந்த நாற்காலியை விட்டுவிட்டுக் கண்ணாடிச் சட்டங்களுக்குத் தூசி தட்டப்போக அவளுக்கு மனமில்லை. ஒன்று பழுதானால் அது ஏன் பழுதானது என்று தெரியாமல் தூக்கமும் வராது. தன் வாய் தன் மூக்குக்கு எட்டாது. அதனால் மணிக்கட்டை நக்கி, காயவிட்டு, முகர்ந்தாள். புகார் பொய்யில்லை. காரணத்தையும் பிடித்தாள். நாக்கின் பின்பகுதியில், காற்றுப் படாத மடிப்புகளில் கிருமிகள் குடியிருக்கின்றன. மிச்சம் மீதி உணவை அவை சிதைக்கும்போது அழுகிய முட்டையின் வாடை கிளம்புகிறது. எச்சில் ஓடிக்கொண்டே இருந்தால் அவற்றை அடித்துக்கொண்டு போய்விடும். அவள் வாயிலோ எச்சிலே இல்லை. தண்ணீர் குடிக்க இடைவெளி விடாமல் ஆளுக்குப் பின் ஆளாக அனுப்புவது யார்? அதே தங்கைதான்.

புதினா வாடைக்கு மேல் போர்வை போர்த்தும், அவ்வளவுதான். பெருஞ்சீரகத்தையும் ஏலக்காயையும் மென்றால் எச்சில் ஊறும். கிராம்பின் எண்ணெய் கிருமிகளையே கொஞ்சம் அடக்கும். ஆகவே காலையில் நாக்கை வழித்தாள். ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால் ஒரு கிராம்பை விரலால் நசுக்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

புதினாவைத் தள்ளி வைத்துவிட்டு இன்றும் ஒன்றை நசுக்கினாள். குளிர்கிடங்கு லாரி ஓட்டுபவர் உள்ளே வந்தார். கிடங்குக்குள் போய் வந்தாலே மூக்குக்கண்ணாடி பனி பிடித்துவிடுகிறது என்று கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் கேட்டிருந்தார். அவள் அவசரமாகக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். எண்ணெய் அப்படியெல்லாம் ஒரு கழுவலில் போய்விடாது. விரலில் எடுத்த மெத்தென்ற லென்ஸ் அதைப் பஞ்சுபோல உறிஞ்சிக்கொண்டது. அப்படியே அவர் ஒரு கண்ணில் வைத்தாள்.

"ஐயோ, எரியுது! மொளகாய வச்சியா உள்ள?"

லென்ஸைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உப்புநீரைப் புட்டி புட்டியாக அவர் கண்ணில் ஊற்றினாள். கதவு திறந்தது. அண்ணனைக் கையோடு இழுத்து வந்திருந்தாள் தங்கை.

"பாத்துக்க அண்ணே. இதுவரைக்கும் மூக்க எரிச்சாங்க, இப்போ கண்ணு. புகார் வந்தாச்சு."

"தப்பு என்னுதுதான். விரல்ல கிராம்பு எண்ணெய்" என்றாள் அவள். பிறகு லாரிக்காரரிடமே திரும்பினாள். "மறைக்காம சொல்லுங்க. என் வாய் நாறுதா?"

அவர் சிவந்த கண்ணால் முறைத்தார். "போன தடவை நாறுச்சு. எலி செத்த மாதிரி. இன்னிக்கு வெறும் கிராம்பு. ரெண்டும் எனக்குப் பிடிக்கல. சாயங்காலம் லோடு ஏத்தணும், உங்க பஞ்சாயத்து முடியிற வரைக்கும் நான் குருடா உக்காந்திருக்கவா?"

கணவன் தங்கையையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். "வாய் சரியாயிடுச்சுல்ல? கையைக் கழுவிட்டு வேலையப் பாரு" என்று சொல்லி நகர்ந்தான்.

"அண்ணே! என் தோழிகிட்ட நான் என்ன சொல்றது?"

"வேற கடை பாக்கச் சொல்லு" என்றாள் அவள், விரல்களை மூன்றாம் முறையாகத் தேய்த்துக்கொண்டே. "அப்புறம், நாளையிலேருந்து ரெண்டு பேருக்கு ஒருவாட்டி பத்து நிமிஷம் விடணும். தண்ணி குடிக்க."

"விடலேன்னா?"

"நீயே வந்து இந்த நாற்காலில உக்காந்து பாரு."

தங்கை கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். எரிச்சல் அடங்கக் கால்மணி நேரம் ஆகுமென்று அவள் சொல்ல, அதுவரை இன்னொரு கண்ணைப் பார் என்றார் லாரிக்காரர். கதவு அறைந்த வேகத்தில் சுவரில் எழுத்துப் பலகை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"ஆடுற எழுத்த எவன் படிப்பான்?" என்று எரிந்து விழுந்தார்.

"நிக்கும். நிக்கிற வரைக்கும் வாய மூடிட்டு இருங்க" என்றாள் அவள்.